தூளைக் கலக்கும் காற்றும் கணிப்பொறியும்

சிமெண்டுத் தொழிலில் சூளையே முதன்மையானதென்று பலர் எண்ணுவர். ஆயினும், சூளைக்கு முன்னர் நிகழும் ஒரு வேலையின் செம்மையைப் பொறுத்தே சிமெண்டின் தரம் பெரிதும் அமைகின்றது. சுண்ணாம்புக்கல், களிமண், இரும்புத்தாது முதலியவற்றை அரைத்த தூளை ஒரே சீராகக் கலப்பதே அவ்வேலை. சுண்ணாம்பு மிகுந்தால், சூளையின் 1450 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் அதன் ஒரு பகுதி இணையாமல் நின்று, பின்னர் ஈரம் பட்டு விரிந்து கட்டடத்தில் வெடிப்பை உண்டாக்கும். குறைந்தாலோ சிமெண்டின் வலிமை குன்றும்.

இக்கலப்பு உயர்ந்த குதிர்களில் காற்றின் துணையால் நடைபெறுகின்றது. ஒரு முறையில், குதிரின் அடித்தளம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, நுண்துளைப் பலகைகளின் வழியே அழுத்தக் காற்று செலுத்தப்படும். ஒரு பகுதிக்கு மிகுதியாகவும் ஏனையவற்றிற்குக் குறைவாகவும் முறைமாற்றிச் செலுத்துங்கால், மிகுந்த காற்றைப் பெற்ற தூள் இலேசாகி மேலெழும். அண்டைத் தூள் கீழிறங்கும். எப்பகுதிக்கு, எவ்வளவு காற்று, எத்துணை நேரம் என்பதே வினா. பெரிய குதிரில் ஒவ்வொன்றையும் செய்து பார்ப்பதாயின் மின்சாரமும் காலமும் வீணாகும்.

இங்கேதான் கணிப்பொறி ஒப்புருவாக்கம் கை கொடுக்கின்றது. துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதைத் தனித்தனியே கணக்கிடும் முறையைக் கண்டலும் ஸ்ட்ராக்கும் 1979இல் வெளியிட்டனர். அதனைக் காற்றோட்டக் கணக்குடன் இணைத்து ஜப்பானிய அறிஞர் சுஜியும் அவர்தம் துணைவரும் 1993இல் வழிகாட்டினர். தூள் எங்கே அசையாது தேங்குகின்றது, பருந்துகள் எங்கே பிரிந்து ஒதுங்குகின்றது என்பனவற்றைக் குதிரைத் திறவாமலேயே ஊகித்தறிய இன்று இயலும். இதனை வரவேற்காதார் இரார்.

எனினும், திரையில் தோன்றும் வண்ணப் படத்தைச் சான்றாகவே கொள்ளும் போக்கு நமக்குத் தகாது. 0.05 மில்லிமீட்டர் குறுக்களவும் 2.7 ஒப்படர்த்தியும் உடைய துகள்கள் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 560 கோடி அடங்கும். குதிரிலோ பல்லாயிரம் டன் தூள் நிற்கக்கூடும். அத்தனையையும் எந்தக் கணிப்பொறியும் தனித்தனியே பின்தொடர மாட்டாது. ஆகவே, பல துகள்களை ஒன்றாகப் பாவித்தும், ஈரத்தையும் ஒட்டும் தன்மையையும் மதிப்பிட்டுமே கணக்கிடுகின்றனர். மதிப்பீடு பிழைபட்டால் படம் அழகாயிருக்கும், கலப்பு அழகாயிராது.

ஆதலால், ஒப்புருவாக்கம் காட்டிய மாற்றத்தைச் செய்யுமுன்னும் செய்தபின்னும், குதிரில் புகும் தூளிலும் வெளிவரும் தூளிலும் குறித்த இடைவேளைகளில் மாதிரி எடுத்து, சுண்ணாம்பின் ஏற்றத்தாழ்வை ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. மாதிரி எடுக்கும் ஊழியரின் குறிப்பேடு கணிப்பொறிக்குப் போட்டியன்று, அதற்கு உணவு. மழைநாளில் தூள் கட்டிபடுவதை முதலில் காண்பவர் அவரே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் கடலையையும் ரவையையும் இட்டுக் குலுக்கினால், கடலை மேலே வந்து நிற்கும். குலுக்குவதெல்லாம் கலப்பதாகாது என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர். முன்னதாகவே விளைவை ஊகித்தெழுதச் செய்து, பின்னர் குலுக்கிக் காட்டுவாராயின், கணக்கிற்கும் சோதனைக்கும் உள்ள உறவும் அவர்கட்கு விளங்கும். ஊகிக்கக் கணிப்பொறி உதவுக. தீர்ப்புக் கூறும் உரிமை தூளிடமே இருக்கட்டும்.