சாயம் வெளுத்துடும்... உப்பு எங்கே போகும்?

சிறுவாணித் தண்ணி வரும் கோவை வீடுகளில் டி.டி.எஸ். பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. போர் தண்ணியை நம்பும் அபார்ட்மென்ட்களில் அந்த எண் எல்லோருக்கும் மனப்பாடம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவுதான் அது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. 2,000 என்றால், 10,000 லிட்டர் லாரித் தண்ணியில் 20 கிலோ உப்பு!

உப்பு ஓரளவு பாறையிலிருந்தே வரும். ஆனால், நொய்யல் கரையின் கதை வேறு.

உப்பு எதற்கு?

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போடுவார்கள். சாயம் துணியில் ஏறும். உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். பல ஆண்டுகள் அந்தக் கழிவுநீர் திருப்பூரிலிருந்து நொய்யலில் இறங்கியது.

சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்காக 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. 'தண்ணீரைத் தேக்காதீங்க' என்று விவசாயிகளே கேட்க வேண்டிய நிலை.

ஏன் மறையவில்லை?

உப்பை வெயிலும் அழிக்காது, நுண்ணுயிரியும் தின்னாது. வெயில் தண்ணீரை மட்டும் ஆவியாக்கும். பயிரும் பெரும்பாலும் தண்ணீரைத்தான் உறிஞ்சும். ஒவ்வொரு பாசனத்துக்கும் மண்ணில் உப்பு கூடும், கிணற்றில் இறங்கும். கன உலோகங்கள் கலந்திருந்தால் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். ஆற்றுநீர் சில நாளில் ஓடிவிடும். நிலத்தடி நீர் நகர்வதற்கோ ஆண்டுகள் ஆகும்.

இப்போது?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் இயங்கலாம் என்றானது. நல்ல மாற்றம்தான். ஆனால், நம் வீட்டு ஆர்.ஓ. போலத்தான் அதுவும்: உப்பை அழிப்பதில்லை, பிரித்து வைக்கிறது. மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேரும். அது மழையில் நனைந்தால் மறுபடி நிலத்துக்குள்தான்.

எனவே, ஆற்றின் நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. எந்த ஆலையில் எவ்வளவு உப்பு சேர்ந்தது, எங்கே போனது, கரையோரக் கிணறுகளின் டி.டி.எஸ். எவ்வளவு என்ற கணக்கை அரசு மாதாமாதம் பொதுவில் வைக்க வேண்டும். நம் வீட்டுக் குழாயின் டி.டி.எஸ்.ஸை மொபைலில் பகிரும் நாம், நொய்யல் கரைக் கிணற்றின் எண்ணையும் கேட்கலாமே!