ஆட்டிட்யூட் என்றால் திமிரா?

வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்ட மாணவியை, “அவளுக்கு ஆட்டிட்யூட் அதிகம்” என்கிறோம். ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் சிலையும் ஓவிய உருவமும் நிற்கும் பாங்கையே குறித்தது. மனப்பான்மை என்னும் பொருள் பின்னர் வந்தது. செயற்கைக்கோள் எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதையும் அறிவியலார் இச்சொல்லாலேயே குறிக்கின்றனர். அங்கே திமிருக்கு ஏது இடம்? அகந்தை என்ற பொருள் அமெரிக்கப் பேச்சுவழக்கின் வரவு. அதை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம். பெண் என்றால் தாராளமாகவே வழங்குகிறோம்!

போடிமெட்டைக் கடந்து போனால் மூணாறு. அங்கே 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். பெற்ற பிறகே எழுந்தனர். அதுவும் ஆட்டிட்யூட்தான், சொல்லின் பழைய பொருளில், நின்ற நிலை. அவர்களை மனத்திட்பம் உடையவர்கள் என்று புகழ நமக்குத் தயக்கமில்லை. பக்கத்துப் பெஞ்சு மாணவிக்கு மட்டும் அச்சொல் ஏன் வாயில் வருவதில்லை?