மானி சொல்வதும் வண்டி சொல்வதும்

மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டி நம் நாட்டு வீதிகளுக்குப் புதியதன்று. யப்பானில் ஓடிப் பழகிய லீஃப் வண்டிகள் பத்தாண்டுகளுக்கு முன்னரே இங்கு வந்து சேர்ந்தன. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 இல் மீண்டும் வழி திறந்தபின், புத்தம் புதிய மின்வண்டிகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. எரிபொருள் நிலையத்தில் வரிசையில் நின்ற காலத்தை மறவாத குடும்பத்தலைவர்கள், வீட்டு முற்றத்திலேயே வண்டிக்கு உணவூட்டும் வசதியை எண்ணி மகிழ்கின்றனர். மாத முடிவில் மின்பட்டியல் வந்ததும் ஓர் ஐயம் எழுகின்றது.

வண்டியின் முகப்பு, மின்கலத்தில் 20 அலகு சேர்ந்ததாகக் காட்டுகின்றது. சுவரிலுள்ள மின்மானியோ 24 அலகு சென்றதாகக் கூறுகின்றது. இடையிலிருந்த 4 அலகும் எங்கே போயின? மானி பிழையா? வண்டி பொய் சொல்கின்றதா? இரண்டும் இல்லை. மானி அனுப்பியதை அளக்கின்றது. வண்டி சேர்ந்ததை அளக்கின்றது. அனுப்பியதெல்லாம் சேர்வதில்லை என்பதே உண்மை.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கிணற்றிலிருந்து இறைத்த நீர் முழுவதும் கத்தரிப் பாத்தியை அடைகின்றதா? மண் வாய்க்கால் தன் பங்கை உறிஞ்சிக்கொண்டே மிகுதியை விடுகின்றது. மின்சாரத்தின் வாய்க்காலிலும் உறிஞ்சும் இடங்கள் நான்கு உண்டு. அவை கம்பி, வண்டிக்குள் இருக்கும் மின்னேற்றி, மின்கலம், வண்டியின் துணைக் கருவிகள் என்பன. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது கம்பி. ஓட்டம் பாயும் கம்பி சூடேறும் என்பதைச் சிறுவரும் அறிவர். எவ்வளவு சூடேறும் என்பதை அளந்து 1841 இல் வெளியிட்டவர், இங்கிலாந்தில் மதுவடிசாலை நடத்திய குடும்பமொன்றிற் பிறந்த யேம்சு பிரெசுக்கொற்று யூல் என்பார். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் வெப்பமாகும் வலு கிடைக்கும் என்பது அவர் கண்ட விதி. ஓட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

மானியிலிருந்து வண்டி நிற்குமிடம் 20 மீற்றர் தூரம் என்றும், இடையே 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி செல்கின்றது என்றும் கொள்வோம். போகவும் வரவும் 40 மீற்றர் கம்பியின் தடை ஏறத்தாழ 0.275 ஓம். சுவர்ப் பிளக்கில் 10 அம்பியர் எடுத்தால் இழப்பு 27.5 வாற்று. 230 வோல்ற்றில் எடுக்கும் வலு 2,300 வாற்றாதலால், இது நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய இழப்பு கள்வன் ஆகான்.

இரண்டாவது, மின்னேற்றி. வீட்டுக்கு வருவது ஆடலோட்டம். ஒரு செக்கனில் 50 முறை முன்னும் பின்னும் ஆடுவது. மின்கலமோ ஒரே திசையிற் செல்லும் நேரோட்டத்தையே ஏற்கும். இம்மாற்றத்தைச் செய்யும் கருவி வண்டிக்குள்ளேயே இருக்கின்றது. சுவரில் மாட்டும் பெட்டியையே மின்னேற்றி என்று பலரும் எண்ணுகின்றனர். அப்பெட்டி, வண்டிக்கு எவ்வளவு ஓட்டம் எடுக்கலாம் என்று அறிவித்துப் பாதுகாப்புடன் திறந்துவிடும் மதகு மாத்திரமே. மூன்றாவது, மின்கலத்தின் உள்தடை. வீட்டில் ஏற்றும் மெல்லிய வேகத்தில் அதன் இழப்பு மிகச் சிறியது. நல்ல வண்டியொன்றில் இவ்விரண்டும் சேர்ந்து நூற்றுக்கு ஐந்து எனக் கொள்ளலாம்; சில வண்டிகளில் பத்தையும் எட்டும்.

நான்காவதே பலரும் கவனியாதது. மின்னேறும் நேரம் முழுவதும் வண்டி உறங்குவதில்லை. அதன் கணினிகள் விழித்திருக்கும். குளிர்நீர்ப் பம்பி கொண்ட வண்டியில் அது சுழலும். வாய்ப்புள்ள தொடுகைகள் மூடியபடி நிற்கும். இதற்குச் செல்லும் வலு வண்டிக்கு வண்டி வேறுபடும். 250 வாற்று எனக் கொள்வோம். வண்டி மெதுவாக ஏற்றினாலும் விரைவாக ஏற்றினாலும் இச்செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே நேரம் நீள நீள இழப்பும் நீளும்.

இப்பொழுது நம் 24 அலகின் கணக்கைத் தீர்ப்போம். 10 அம்பியரில் 24 அலகு செல்ல ஏறத்தாழப் பத்தரை மணித்தியாலம் வேண்டும். அந்நேரத்தில் துணைக் கருவிகள் உண்டது 2.6 அலகு, கம்பி உண்டது 0.3 அலகு, மின்னேற்றியும் மின்கலமும் உண்டது 1.1 அலகு. மிகுதி 20. கணக்குச் சரி.

அதே வண்டிக்கு 6 சதுர மில்லிமீற்றர் தடிப்பான கம்பி தனியாக இழுத்து, சுவர்ப்பெட்டி பொருத்தி, 32 அம்பியரில் ஏற்றுவோமாயின் வலு 7,360 வாற்றாகும். கம்பியின் இழப்பு 117 வாற்றாக உயரும். ஆயினும் வேலை மூன்று மணித்தியாலத்தில் முடிந்துவிடும். துணைக் கருவிகளுக்கு 0.75 அலகு, கம்பிக்கு 0.35, மின்னேற்றிக்கும் மின்கலத்துக்கும் 1.05. அதே 20 அலகைச் சேர்க்க இப்பொழுது மானியிற் செல்வது 22.15 அலகே.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முதுமொழி. மின்னேற்றலில் மாத்திரம் அதனை அளவறிந்தே கொள்ளவேண்டும். நூல்போல் ஒழுகும் நீரை மண் வாய்க்காலே குடித்துவிடும். திடமாகப் பாயும் நீரே பாத்தியை அடையும். ஆனால் வரம்பு தாங்காத வெள்ளத்தை விட்டால் பாத்தியும் அழியும். மெல்லிய கம்பியில் 32 அம்பியரை விடுவது அத்தகைய செயல். நாம் முன்னர்க் கண்ட 2.5 மில்லிமீற்றர் கம்பியில் அது 280 வாற்றுக்கு மேல் வெப்பத்தைப் பிறப்பித்து, சுவருக்குள்ளேயே காப்புறையை உருக்கத் தொடங்கும்.

இவ்விடத்து ஒரு எச்சரிக்கை. பணத்தினும் பெரியது உயிர். தளர்ந்த பிளக் பொயின்ற் ஒன்றில் தொடுகைத் தடை 0.2 ஓம் இருக்குமானால், 13 அம்பியரில் அங்கே பிறக்கும் வெப்பம் 34 வாற்று. வானொலி திருத்துபவர் கையிலிருக்கும் பற்றாசுக் கோலின் வெப்பம் ஏறத்தாழ அதுவே. அதனைச் சிறு துளையொன்றுக்குள் இரவு முழுவதும் வைத்துவிட்டு நாம் உறங்குகின்றோம். கேத்தில் சில நிமிடத்தில் நின்றுவிடும். வண்டி பத்து மணித்தியாலம் இழுக்கும். வட்டக்கால் பிளக்கைச் சதுரக்கால் பொயின்றிற் சேர்க்கும் இடைச்செருகிகளையும், சுருட்டிவைத்த நீட்டுக் கம்பிகளையும் இவ்வேலைக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அரை மணித்தியாலம் ஏற்றியபின் பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடானால் உடனே நிறுத்தித் தகுதி பெற்ற மின்னியலாளரை அழையுங்கள்.

அப்படியாயின் யாவரும் சுவர்ப்பெட்டி வாங்கவேண்டுமா? அதற்கும் கணக்கே விடை சொல்லும். மாதம் பத்து முறை 20 அலகு ஏற்றுபவருக்கு மிச்சம் ஏறத்தாழ 18 அலகு. வீட்டுப் பாவனை கூடக்கூட அலகின் விலையும் கூடும் கட்டணமுறையில் அந்த 18 அலகும் விலை கூடிய அலகுகளே. நேரவாரிக் கட்டணத்தைத் தெரிந்துகொண்டவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மலிவான நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை, ஏழு மணித்தியாலமே. 10 அம்பியரில் அந்நேரத்துக்குள் 16 அலகே செல்லும். 32 அம்பியரில் முழு வேலையும் மூன்று மணித்தியாலத்தில் முடியும். ஆனால் நாளொன்றுக்குப் பாடசாலைக்கும் சந்தைக்கும் மாத்திரம் ஓடும் வண்டிக்கு, பெட்டிக்கும் கம்பிக்கும் இட்ட பணம் மீளப் பல ஆண்டு செல்லும். அத்தகையோர் உள்ள பிளக் பொயின்றைச் செம்மையாக்கினாற் போதும். மேலும், ஆரம்பகால லீஃப் வண்டிகளின் மின்னேற்றி ஏறத்தாழ 3.3 கிலோவாற்றுக்கு மேல் ஏற்காது. 7 கிலோவாற்றுப் பெட்டியை மாட்டினாலும் அவை தம் அளவே குடிக்கும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் வீட்டிலோ அயலிலோ மின்வண்டி இருந்தால் இழப்பை நீங்களே அளக்கலாம். மற்றக் கருவிகளை இயன்றவரை நிறுத்தி, ஏற்றுமுன்னும் ஏற்றியபின்னும் மானியைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியில் எத்தனை வீதம் ஏறியது என்பதையும் குறியுங்கள். பழைய வண்டியானால் இங்கே ஒரு பொறி உண்டு. 24 அலகு கொள்ளும் மின்கலம் 30 வீதத்திலிருந்து 80 வீதத்துக்கு ஏறியது. மானியிற் சென்றது 10.5 அலகு என்று வைத்துக்கொள்வோம். 24 இன் பாதி 12. அனுப்பியது 10.5, சேர்ந்தது 12! சத்தி எங்கிருந்தோ பிறந்துவிட்டதா? சத்திக்காப்பு விதி அதற்கு இடங்கொடாது. வண்டி காட்டும் வீதம், மின்கலம் இன்று கொள்ளக்கூடியதன் வீதமேயன்றிப் புதிதாயிருந்தபோது கொண்டதன் வீதமன்று. முதுமையால் அதன் கொள்ளளவு 18 ஆகக் குறைந்திருந்தால், பாதி 9 அலகு. 10.5 இல் 9 சேர்ந்தது என்றால் வினைத்திறன் ஏறத்தாழ 86 வீதம். இப்பொழுது கணக்கு பொருந்துகின்றது. பழைய மின்வண்டி வாங்க எண்ணுவோர், பணம் கொடுக்குமுன் இச்சோதனையைச் செய்தால் மின்கலத்தின் உண்மை நிலையை ஓரளவு உய்த்துணரலாம்.

இழப்பு உண்டு என்பதனால் மின்வண்டியைக் குறைகூற வேண்டியதில்லை. பெற்றோலில் உள்ள சத்தியின் பெரும்பகுதியை எஞ்சின் வெப்பமாகவே கழித்துவிடுகின்றது. அதனோடு ஒப்பிட்டால் 24 இல் 4 சிறிது. ஆயினும் அந்த நாலில் இரண்டை நம் அறிவால் மீட்கலாம் என்னும்போது, மீளாமல் விடுவானேன்? அடுத்த மின்பட்டியல் வருமுன் மானியை ஒருமுறை வாசியுங்கள்; வண்டியையும் வாசியுங்கள்; அதற்கு முன்னர்ப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.