பிரேக் இல்லாத மிதிவண்டியும் பிரேக் போடும் பெற்றோரும்



உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன், பழைய எஃகு மிதிவண்டிச் சட்டகம் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே வண்டியாக்க விரும்புகிறான். நம் வீடுகளில் அவனுக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "வேண்டாம்." ஏன் என்று கேட்டால் மூன்று காரணங்கள் வரும். அது பிரேக் இல்லாத வண்டி, ஆபத்தானது. அது பழைய இரும்பு, வீட்டுக்குள் குப்பை சேரும். தேர்வு வருகிறது, நேரம் இல்லை. இவற்றுள் முதற்காரணத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். மற்ற இரண்டையும் முழுமையாக மறுக்கிறேன். முதற்காரணத்தை ஏற்ற பின்னரும் "வேண்டாம்" என்னும் முடிவு தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அது என்ன வண்டி?

பிள்ளைகள் 'ஃபிக்சி' என்று அழைக்கும் இவ்வண்டியில், பின்சக்கரத்தின் பற்சக்கரம் சக்கரத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். சாதாரண மிதிவண்டியில் கால்களுக்கு ஓய்வு கொடுத்து உருண்டு செல்லலாம். இதில் அது இயலாது. சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். இது வட்டத் தடத்தில் நடைபெறும் பந்தயத்திற்காகப் பிறந்த வண்டி. அத்தடத்தில் அனைவரும் ஒரே திசையில் செல்வர். குறுக்கே பேருந்து வராது. தேக்கா சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு பாட்டி எவரும் வரமாட்டார். முன்னால் செல்பவர் திடீரெனப் பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் மோதி விழுவார். ஆகவே பிரேக் இல்லாமையே அங்குப் பாதுகாப்பு.

ஜப்பானின் கொக்குரா நகரில் 1948இல் தொடங்கிய 'கெய்ரின்' பந்தயம் இவ்வகை வண்டிகளுக்குப் பெரும் புகழ் தந்தது. வீரர்களுள் எவருக்கும் கருவியால் கூடுதல் வாய்ப்பு கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக அங்குச் சட்டகம் முதல் சங்கிலி வரை 'என்ஜேஎஸ்' முத்திரை பெற்றவையே அனுமதிக்கப்பட்டன. நாகசாவா, கலவிங்கா போன்ற கைவினைஞர் பட்டறைகளில் ஒவ்வொரு வீரரின் உடல் அளவுக்கும் ஏற்பச் செய்யப்பட்ட எஃகுச் சட்டகங்கள், பந்தய வாழ்வு முடிந்ததும் உலகெங்கும் கைமாறுகின்றன. கரோசல் போன்ற விற்பனைத் தளங்கள் வழியே அவை சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் கைக்கும் வந்து சேர்கின்றன. நம் அண்டை நாட்டவரான அசிசுல்ஹஸ்னி அவாங், தோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்டில் வெள்ளி வென்றது இந்தக் கெய்ரின் போட்டியில்தான். பிள்ளை இதன்மீது ஆசைப்படுவதில் வியப்பென்ன?

சட்டம் சொன்னதும் நாம் கேட்டுக்கொண்டதும்

தடத்தில் பாதுகாப்பாக இருப்பது, தெம்பனிஸ் அடுக்குமாடிகளுக்கு இடையே உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது. பிரேக் இல்லாமல் ஓட்டுபவர்கள் கால்வலிமையால் பின்சக்கரத்தைப் பூட்டி, வழுக்கவிட்டு நிறுத்துகின்றனர். வேகம் குறையும்போது உடல் எடை முன்சக்கரத்தின்மீது சாய்கிறது. பின்சக்கரத்தின் பிடிப்பு குறைந்துவிடுகிறது. முன்பிரேக் நிறுத்தும் தூரத்தைவிட வழுக்கி நிறுத்தும் தூரம் எப்போதும் அதிகம். இறக்கத்தில் கால் மிதியிலிருந்து நழுவிவிட்டால் நிறுத்த வழியே இல்லை. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தகைய வண்டி ஓட்டிய ஓர் இளம்பிள்ளையின் உயிர் போனதை நாம் மறந்துவிட முடியாது.

அதே ஆண்டில், பொதுப் பாதையிலும் சாலையிலும் செல்லும் மிதிவண்டிக்குக் குறைந்தது ஒரு கைப்பிரேக்காவது இருக்க வேண்டும் என்னும் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் அதைக் கூர்ந்து படியுங்கள். பிரேக் இல்லாத வண்டியை ஓட்டாதே என்கிறது விதி. நிலைப்பற்சக்கர வண்டியே கூடாது என்று அது கூறவில்லை. முன்சக்கரத்திற்கு ஒரு பிரேக்கைப் பொருத்தினால் அதே வண்டி சட்டத்திற்கு உட்பட்டதாகிவிடுகிறது. அரசு ஒரு பாகத்தைச் சேர்க்கச் சொன்னது. நாமோ வண்டியையே வேண்டாம் என்றோம். அதோடு நிற்காமல், வண்டியைக் கட்டும் கல்வியையும் சேர்த்து வெளியே தள்ளினோம்.

சட்டகம் வாங்குவது ஒரு பாடம்

பழைய எஃகுச் சட்டகம் வாங்கப் புறப்படும் பிள்ளை எவற்றையெல்லாம் கற்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் முன்கவை. கெய்ரின் சட்டகங்கள் பலவற்றின் முன்கவையில் பிரேக் பொருத்துவதற்கான துளையே இராது. துளை இல்லையென்றால் அதனை வீட்டில் குடைய முயலக் கூடாது. துளையுள்ள வேறு முன்கவை தேட வேண்டும். ஆக, விலை கேட்பதற்கு முன்பே பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி பாதுகாப்பைப் பற்றியது.

அடுத்து விபத்தின் தழும்பு. முன்பக்கம் மோதிய சட்டகத்தில், கைப்பிடித் தண்டு நுழையும் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, கீழ்க்குழாயின் அடிப்புறத்தில் சிறு மடிப்போ புடைப்போ தெரியும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலால் தடவினால் தட்டுப்படும். புது வண்ணம் பூசியிருந்தால் ஐயம் இரட்டிப்பாக வேண்டும்.

பின்னர் கோணல். பின்சக்கர அச்சு அமரும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்க அச்சிடம் வரை இழுத்துக் கட்ட வேண்டும். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தால் சட்டகம் நேர். ஒரு நூலும் ஓர் அளவுகோலும் போதும். இதைவிட எளிய வடிவியல் செய்முறையை எந்தத் துணைப்பாட வகுப்பில் காட்டுகிறார்கள்?

அடுத்தது துரு. நம் ஊர்க் காற்றின் ஈரமும் ஓட்டுபவரின் வியர்வையும் எஃகுக்குப் பகை. மேற்பூச்சின் துருவைவிடக் குழாயின் உட்துருவே கொடியது. இருக்கைத் தண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது அசையாமல் இறுகிப்போயிருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் விலகிவிடுவது நலம்.

இறுதியாக அளவுகள். தடவண்டியின் பின்கவை அகலம் பொதுவாக 120 மில்லிமீட்டர். சாலைப் பந்தய வண்டியின் 130 மில்லிமீட்டர்ச் சக்கரம் அதில் அமராது. மிதியின் அச்சு அமரும் கூடு ஆங்கில முறையில் 68 மில்லிமீட்டர், இத்தாலிய முறையில் 70. ஆங்கில முறையில் வலப்பக்க மரை எதிர்த்திசையில் சுழலும். இத்தாலிய முறையில் இருபுறமும் வழக்கமான மரைதான். இதனை அறியாமல் பலங்கொண்ட மட்டும் திருகினால் மரை அழியும். அளந்து பார்க்காமல் வாங்கியவன் இருமுறை பணம் கொடுப்பான்.

இதில் கணக்கும் உண்டு. முன்னே 48 பல், பின்னே 16 பல் என்றால் மிதி ஒருமுறை சுழலச் சக்கரம் மும்முறை சுழலும். சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர், ஒரு சுற்றுக்கு வண்டி 6.3 மீட்டர் நகரும். மிதிவண்டிப் பாதையின் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அதாவது நிமிடத்திற்கு 66 சுற்று. நடைபாதையின் வரம்பு 10 கிலோமீட்டர். அது வெறும் 26 சுற்று. "மெதுவாகப் போ" என்று நூறு முறை சொல்வதைவிட, இக்கணக்கைப் பிள்ளையையே போடச் செய்யுங்கள். வேகமானி இல்லாத வண்டியில் அவன் கால்களே வேகமானி ஆகிவிடும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு சொல்

"இதில் தமிழுக்கு என்ன வேலை?" என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது.

பழைய எஃகுச் சட்டகத்தின் குழாய்கள் பித்தளையோ வெள்ளிக் கலவையோ உருக்கி ஊற்றி இணைக்கப்பட்டவை. அவ்வாறு உலோகத்தோடு உலோகத்தைப் பிணைக்கும் பொடிக்குத் தமிழில் 'பற்றாசு' என்று பெயர். யாப்பிலக்கணம் கற்றவர்களுக்கு 'ஆசு' தெரிந்த சொல்லே. முதற்குறளையும் தனிச்சொல்லையும் ஓசை கெடாமல் ஒட்டவைக்க இடையே இடப்படும் அசைக்கு ஆசு என்று பெயர். அவ்வாறு அமைவதே ஆசிடை நேரிசை வெண்பா. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் உவமை பற்றாசுதான். இலக்கண வகுப்பில் உயிரற்றுக் கிடக்கும் அச்சொல், ஒரு சட்டகத்தின் மூட்டைத் தொட்டுக் காட்டியதும் பிள்ளைக்கு விளங்கிவிடும்.

சக்கரத்தின் நெளிவை நீக்குவதைத் தமிழ்நாட்டு மிதிவண்டிக் கடைக்காரர் 'கோட்டம் எடுத்தல்' என்பார். வளைவைக் குறிக்கும் 'கோட்டம்' திருவள்ளுவர் ஆண்ட சொல். அது பல்கலைக்கழகத்தில் மட்டும் வாழவில்லை. எண்ணெய்க் கறை படிந்த கடையிலும் வாழ்ந்தது. சட்டகத்தின் முக்கோணத்திற்குள் காலை நுழைத்துச் சிறுவர்கள் ஓட்டும் முறைக்குக் 'குரங்குப் பெடல்' என்று பெயர் வைத்ததும் அதே மக்கள். 2024இல் அப்பெயரிலேயே ஒரு தமிழ்த் திரைப்படம் வந்தது. நாமோ 'மிதிவண்டி' என்னும் ஒரு சொல்லைக் கட்டுரைக்குக் கொடுத்துவிட்டு, அதன் பாகம் ஒன்றன் பெயரைக்கூடச் சொல்லித்தருவதில்லை. பிறகு, பிள்ளைகள் தமக்குப் பிடித்ததைத் தமிழில் பேசுவதில்லை என்று வருந்துகிறோம்.

கைக்கு ஏன் இந்த இழிவு?

இனி, "பழைய இரும்பு" என்னும் இரண்டாவது காரணம். இதனடியில் ஒளிந்திருப்பது கைவேலையின்மீது நமக்குள்ள ஏளனம். பெட்டியில் அடைத்து வரும் இயந்திர மனிதப் பொம்மையை, கூடவே வரும் குறிப்பைப் பார்த்துப் பூட்டும் வகுப்புக்குக் கட்டணம் கட்ட நாம் தயங்குவதில்லை. குறிப்பே இல்லாத பழைய சட்டகத்தைத் தானே ஆராய்ந்து வண்டியாக்கும் பிள்ளையை மட்டும், "மெக்கானிக் ஆகப் போகிறாயா?" என்று கேட்கிறோம். விடுதிகளில் தங்கியிருக்கும் நம் ஊர்த் தொழிலாளர்கள், பழைய வண்டிகளைப் பழுது பார்த்து வேலைக்கும் கடைக்கும் ஓட்டிச் செல்கின்றனர். "மெக்கானிக்" என்று நாம் இளக்காரமாகச் சொல்லும்போது அவர்களையும் சேர்த்தே பழிக்கிறோம். பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இல்லை.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு, அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியும் கற்பித்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டத் தொடங்கினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான வண்டி கிடைக்காத நிலையில் ஆண்களின் வண்டியையே எடுத்தனர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. எழுத்தறிவு இயக்கமே மிதிவண்டியை எழுத்தறிவின் பகுதியாகக் கண்டது. எல்லா வசதியும் உள்ள நகரத்தில் இருக்கும் நாம் அதனைப் படிப்பின் பகையாகக் காண்கிறோம்.

சில மறுப்புகள்

"திருட்டுப் பொருளாக இருந்தால்?" நியாயமான கேள்வி. 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்படும்வரை, லிட்டில் இந்தியாவுக்கு அருகிலிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையைத் 'திருட்டுச் சந்தை' என்றே பலரும் அழைத்தனர். ஆகவே பெற்றோர் உடன் செல்ல வேண்டும். மிதியச்சுக் கூட்டின் அடியில் பொறித்த எண் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கு வாங்கியது என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். விடை மழுப்பலாக இருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். நேர்மையைப் பற்றி நன்னெறிப் பாடத்தில் ஒரு பக்கம் படிப்பதைவிட, ஆசைப்பட்ட பொருளை விட்டுவிட்டுத் திரும்பும் அந்த ஒரு மாலை பிள்ளையின் மனத்தில் ஆழமாகப் பதியும்.

"தேர்வு?" கைப்பேசித் திரையில் கழியும் மணிநேரங்களைக் கணக்கிட்டுவிட்டு இக்கேள்வியைக் கேளுங்கள். வாரத்திற்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்து, விடுமுறையில் வேலையை முடிக்கலாம்.

"நான் சொன்னாலும் அவன் பிரேக்கைக் கழற்றிவிடுவான்." இதுவே மெய்யான அச்சம். தோழர்களின் கேலிக்கு அஞ்சிக் கழற்றும் பிள்ளைகள் உண்டு. ஆனால் தடை விதிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைதான் வெற்றுத்தளத்தில் நண்பனின் பிரேக்கில்லா வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறான். முன்பிரேக்கைத் தன் கையால் பொருத்தி, அதன் கம்பியை முறுக்கி, மழைநாளில் அது எத்தனை அடியில் நிறுத்துகிறது என்று அளந்து பார்த்தவனுக்கு அதன் மதிப்பு தெரியும். வாரம் ஒருமுறை நீங்களே அந்தப் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். கழற்றியிருந்தால் வண்டியைப் பூட்டி வையுங்கள். அந்தக் கண்டிப்புக்கு நான் எதிரியல்லன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பிள்ளை சட்டகம் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். "முன்கவையில் துளை இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவன் வியந்து நிமிர்வான். பிரேக் முதலில், மற்றவை பிறகு என்று நிபந்தனை விதியுங்கள். முன்னும் பின்னும் விளக்கு, சாலையில் செல்வதானால் 2019 முதல் கட்டாயமாகிவிட்ட தலைக்கவசம், இவையும் வண்டியின் விலையிலேயே சேரட்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, அவனருகில் அமர்ந்து திருகாணியை எடுத்துக் கொடுங்கள். கூடுமானவரை தமிழில் பேசிக்கொண்டே எடுத்துக் கொடுங்கள்.