கிளை மேல எவ்வளவு கனம் பாஸ்?

இந்த வாரம் கொஞ்சம் தூரமா போவோம், வாங்க. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் காடு. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. வில்லும் அம்புமா ஒருத்தர் இருட்டுல மரம் ஏறப் போறார். தரையில நின்னா மான் சட்டுனு கண்டுபிடிச்சு ஓடிடும். இருபது அடி உயரத்துல, இடுப்பையும் தொடையையும் சுத்தின பட்டையில உட்கார்ந்தபடி தொங்கினா, அதோட கண்ணுக்குத் தப்பிக்க வாய்ப்பு அதிகம். (நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஸோ, மானை விடுங்க. நமக்கு வேண்டியது அந்தக் கயிறு!)

கயிற்றுல ஏற அங்கே முக்கியமா ரெண்டு வழி. முதலாவது, இரட்டைக் கயிறு. கிளைக்கு மேல கயிறைப் போட்டு, ஒரு முனையை இடுப்புப் பட்டையில மாட்டி, மறுபக்கக் கயிற்றுல ஓர் உராய்வு முடிச்சு போட்டு அதையும் பட்டையோட இணைச்சுடுவாங்க. முடிச்சைத் தள்ளினா மேலே நகரும், எடையைப் போட்டா இறுகிப் பிடிச்சுக்கும். இங்கே கிளைதான் கப்பி. உராய்வே இல்லைன்னா 70 கிலோ ஆள் 35 கிலோ அளவுக்கு இழுத்தா போதும். கேட்க ஜோரா இருக்குல்ல? ஆனா ஒரு அடி ஏற ரெண்டு அடி கயிறு இழுக்கணும். பத்தாததுக்கு சொரசொரப்பான மரப்பட்டை பாதி லாபத்தைத் தின்னுடும். கயிறு உரசுற 'சர்ர்ர்' சத்தம் வேற.

ரெண்டாவது, ஒற்றைக் கயிறு. கயிறு அப்படியே நிக்கும், ஆள்தான் ஏறுவார். கயிற்றைக் கவ்வுற கருவியில கால் வளையம் மாட்டி, காலை மடக்கி நீட்டி ஏறணும். கைக்குப் பதில் தொடை உழைக்குது, வேகமும் அதிகம்.

சரி, அந்தக் கயிறோட இன்னொரு முனையை எங்கே கட்டுறது? விஷயமே இங்கேதான். கிளைக்கு மேல போட்டு அடிமரத்துல கட்டுறது சுலபம். இப்ப ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் நோட்டைத் திறந்து ஃப்ரீ பாடி டயக்ராம் போடுங்க. இந்தப் பக்கம் ஆள் 70 கிலோ, அந்தப் பக்கம் கயிறு கீழே இழுக்கிறதும் 70. கிளை தாங்க வேண்டியது கிட்டத்தட்ட 140! உராய்வு கொஞ்சம் குறைக்கும். ஏறும்போது குலுங்கினா அதையும் தாண்டிப் போகும். இரட்டைக் கயிறுலயோ, கிளையிலேயே சுருக்குப் போட்டு இறுக்கின ஒற்றைக் கயிறுலயோ அதே கிளைக்கு 70 கிலோதான்.

அடிமரத்துல கட்டினா, மேலே ஆள் மயங்கிட்டாலும் கீழே இருக்கிறவர் கயிறை மெல்ல விட்டு இறக்கலாம். அதுக்கேத்த மாதிரி முன்னாடியே மாட்டி வெச்சிருக்கணும், அவ்வளவுதான். மரம் வெட்டுற குழுவுக்கு அது பெரிய வசதி. தனியா போற வேட்டைக்காரருக்கு யார் விடுவாங்க?

மிச்சிகன்ல இன்னொரு வில்லங்கம். 2002-ல அங்கே கண்டுபிடிக்கப்பட்ட எமரால்டு ஆஷ் போரர்ங்கிற பச்சை வண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்னுருக்கு. பட்ட ஆஷ் கிளை சொல்லாம கொள்ளாம முறியும். இருட்டுல அது பச்சை மரமா பட்ட மரமான்னு டார்ச் அடிச்சாலும் சொல்றது கஷ்டம்.

என்னைக் கேட்டா ஒற்றைக் கயிறு, தடிமனான கவட்டையில சுருக்கு. மரத்தை இலை இருக்கிற கோடையிலேயே, பகல்ல பார்த்து வெச்சுடணும். அப்பவே தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல தொங்கி, முழு எடையும் போட்டு நல்லா குலுக்கிப் பார்த்துடணும். மேலே போனதும் முதல் வேலை, ரெண்டாவது பட்டையை மரத்தைச் சுத்தி மாட்டுறது. வில்லை மேலே இழுக்கிறதெல்லாம் அப்புறம்தான்.