அன்னியர் என்றார்கள், அதையே பெயராக வைத்தார்கள்!

லண்டன் நகரில் "ஏலியன் கல்ச்சர்" என்று ஒரு பாட்டுக் குழு இருந்தது. 1979-ல் தொடங்கியது. 1981-ல் கலைந்தது. வெளியிட்டது ஒரே ஒரு இசைத்தட்டு.

புகழும் இல்லை, பணமும் இல்லை. இங்கிலாந்திலேயே பலருக்கு அதன் பெயர் தெரியாது.

அப்படியிருக்க, அந்தக் குழுவைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்?

காரணம் இருக்கிறது. அவர்கள் பாட்டிலே கேட்ட கேள்வி, இன்று மறுபடியும் லண்டன் வீதிகளில் எழுந்திருக்கிறது.

யார் இவர்கள்?

குழுவில் நான்கு இளைஞர்கள். மூவர் பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். நான்காமவர் வெள்ளைக்காரர்.

அப்போது இங்கிலாந்தில் "பங்க்" என்ற இசை பரவியிருந்தது. அதற்குப் பெரிய சங்கீத ஞானம் தேவையில்லை. கித்தாரில் கொஞ்சம் கைப்பழக்கமும், மனதில் கோபமும் இருந்தால் போதும். யாரும் மேடை ஏறலாம். அந்த வழியில் பிறகு தோன்றிய இசைக்கு "போஸ்ட் பங்க்" என்று பெயர். "பங்க்குக்குப் பின் வந்தது" என்று பொருள். ஏலியன் கல்ச்சர் அந்த வகைக் குழு.

பெயர் வந்த கதை

1978 ஜனவரியில் மார்கரெட் தாட்சர் டெலிவிஷனில் பேட்டி அளித்தார். அப்போது அவர் எதிர்க்கட்சித் தலைவர். வேறு பண்பாட்டைச் சேர்ந்தவர்கள் வந்து நாட்டை மூழ்கடித்து விடுவார்களோ என்று ஜனங்கள் அஞ்சுவதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு அவர் பிரதமரானார்.

லண்டனிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு சுட்டது. "நாங்களா அன்னியர்?" என்று கேட்டார்கள். "அன்னியப் பண்பாடு" என்று பொருள்படும் பெயரையே தங்கள் குழுவுக்குச் சூட்டினார்கள். வசையையே பெயர்ப்பலகையாக மாட்டிக்கொண்டார்கள்.

உயிர்ப் பலி

அது வெறும் பேச்சோடு நிற்கிற காலமல்ல. 1976 ஜூனில் சவுத்தால் என்ற இடத்தில் குர்தீப் சிங் சாக்கர் என்ற 18 வயது இளைஞர் கொல்லப்பட்டார். 1978 மே 4-ந் தேதி வைட்சாப்பலில் அல்தாப் அலி என்ற வங்காளத் தையல் தொழிலாளி கொல்லப்பட்டார். குடியேறியவர்களைத் திருப்பி அனுப்பு என்று "நேஷனல் பிரண்ட்" கட்சி ஊர்வலம் போயிற்று.

இந்த நிறவெறியை எதிர்த்து 1976-ல் இசை வழியாக ஓர் இயக்கம் தொடங்கியது. "ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்" என்பது அதன் பெயர். 1978 ஏப்ரல் 30-ந் தேதி லண்டன் விக்டோரியா பூங்காவில் அது நடத்திய விழாவுக்குப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். ஏலியன் கல்ச்சர் வளர்ந்தது இந்த இயக்கத்தின் நிழலில்தான்.

இரு பக்கமும் இடி

வெளியே நிறவெறி. வீட்டுக்குள்ளே பழைய கட்டுப்பாடு. பெற்றோர் பார்த்து முடிக்கும் கலியாணத்தைப் பற்றியும் அவர்கள் பாடினார்கள். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி அல்லவா? அந்த நிலைமையை மறைக்காமல் பாடியது அவர்கள் துணிச்சல்.

இன்று என்ன?

2024 ஜூலை 29-ந் தேதி சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் அடைக்கலம் தேடி வந்த அன்னியன் என்று ஒரு வதந்தி பரவியது. அது பொய். அவன் பிரிட்டனிலேயே பிறந்தவன். ஆனாலும் பல ஊர்களில் கலகம் மூண்டது. மசூதி தாக்கப்பட்டது. அகதிகள் தங்கிய ஓட்டல்கள் தாக்கப்பட்டன.

2025 செப்டம்பர் 13-ந் தேதி, குடியேற்றத்தை எதிர்க்கும் ஊர்வலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் லண்டனில் கூடினார்கள்.

காரணம் என்ன? அன்று ஆலைகள் மூடப்பட்டன. 1982-ல் வேலையற்றோர் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது. இன்று விலைவாசியும் வீட்டு வாடகையும் மக்களை வாட்டுகின்றன. குறை எங்கே இருந்தாலும், பழி புதிதாக வந்தவன் தலையில் விழுகிறது.

ஆனால் எல்லாம் பழையபடி இல்லை. இந்திய வம்சாவளியினரான ரிஷி சுனக் 2022 முதல் 2024 வரை பிரதமராக இருந்தார். ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகள் உமா குமரன் 2024-ல் எம்.பி. ஆனார். அகதியாக லண்டன் வந்த ஈழத் தமிழ்ப் பெண் மாயா, "எம்.ஐ.ஏ." என்ற பெயரில் பாடி உலகப் புகழ் பெற்றார். கலகத்துக்குப் பின், 2024 ஆகஸ்டு 7-ந் தேதி நிறவெறிக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அவர்களில் வெள்ளையரும் ஏராளம்.

நமக்கு என்ன பாடம்?

திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகளும் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறார்கள். அங்கே அவர்களை யாராவது "அன்னியன்" என்றால் நம் வயிறு எரியும்.

நம் ஊருக்கும் பிழைக்க வருகிறார்கள். கட்டிட வேலையிலும் ஓட்டல் வேலையிலும் வடநாட்டுத் தொழிலாளர்களைப் பார்க்கிறோம். 2023 மார்ச்சில், அவர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பலர் பயந்துபோனார்கள். உண்மை நிலையை அறியப் பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்தது.

சவுத்போர்ட்டிலும் பொய்தான் தீ மூட்டியது. ஆகவே கைபேசியில் இப்படி ஒரு செய்தி வந்தால், உடனே அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உண்மையா என்று விசாரியுங்கள். பக்கத்தில் வேலை செய்யும் வடநாட்டுப் பையனிடம் அவன் ஊர் எது, வீட்டில் யார் யார் என்று இரண்டு வார்த்தை கேளுங்கள்.