எளிதில் தோற்கும் எதிரி

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி நடைபெற்ற ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருக்கும்படி என்னைப் பணித்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட கதைகள் வந்திருந்தன. குடிகாரக் கணவன் மனைவியை அடிக்கிறான். மகள் காய்ச்சலில் விழுகிறாள். மனைவி வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறாள். கடைசிப் பத்தியில் கணவன் புட்டியை உடைத்தெறிந்துவிட்டு ஆலய முற்றத்தில் கதறியழுகிறான். பெயரும் ஊரும் மாறியதேயன்றி, இந்த ஒரு கதையையே நான் ஏறக்குறைய இருபது முறை வாசித்தேன். வாசித்தேன் என்பதும் மிகைதான். பத்தாவது கதைக்குமேல் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்து மதிப்பெண் இட்டேன்.

இக்கதைகளில் மோதல் இல்லையென்று யாரும் குறை கூற முடியாது. அடி உண்டு, உதை உண்டு, கூச்சலும் கண்ணீரும் வேண்டிய மட்டும் உண்டு. தொலைக்காட்சித் தொடர்களிலும் இவையனைத்தும் உண்டு. கூடுதலாக இடியோசையும் உண்டு. எனினும் யார் வெல்வார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. தோற்பதற்கென்றே படைக்கப்பட்ட ஒருவனோடு நடப்பது போராட்டமாகுமா? அது ஊர்த் திருவிழாவில் வைக்கோல் பொம்மைக்குத் தீ வைப்பது போன்றது. வெளிச்சம் வரும், கூட்டம் ஆரவாரிக்கும், யாருக்கும் சுடாது.

நம் கத்தோலிக்க எழுத்தாளர்கள் மீது நான் சுமத்தும் குற்றச்சாட்டு இதுவே: எதிர்த்தரப்புக்கு நியாயம் வழங்க அவர்கள் அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்திற்குப் பக்தி என்று பெயரும் சூட்டிக்கொள்கிறார்கள்.

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் எங்களுக்கு நேர்மாறான பயிற்சியே தரப்பட்டது. தூய தோமா அக்குவினாவின் இறையியல் தொகுப்பைத் திறந்தவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு வினாவிலும் தம் முடிவுக்கு எதிரான வாதங்களையே அவர் முதலில் நிறுத்துகிறார். கடவுள் உண்டா என்று கேட்குமிடத்தில் முதலில் வருவது நாத்திகனின் வாதம்: எல்லையற்ற நன்மை ஒன்று இருக்குமாயின் தீமைக்கு இடமேது? அவ்வாதத்தை அவர் நொண்டியாக்கவில்லை. இன்றும் அது நம் நெஞ்சைத் தைக்கிறது. யோபு ஆகமத்தில் கடவுளுக்காக வக்காலத்து வாங்கும் நண்பர்கள்மீதுதான் இறுதியில் கடவுளின் சினம் மூள்கிறது. வழக்காடிய யோபுவின்மீது அன்று. இத்தகைய மரபில் வந்த நாம் கதை எழுத உட்காரும்போது மட்டும் ஏன் இவ்வளவு கோழைகளாகிவிடுகிறோம்?

கிரஹாம் கிரீன் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி பவர் அண்ட் த குளோரி’ என்னும் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ நாட்டின் தபாஸ்கோ மாநிலத்தில் ஆலயங்கள் தகர்க்கப்பட்டன. குருக்கள் மணம் முடிக்க வேண்டும், இன்றேல் ஓடிப்போக வேண்டும் என்ற நிலை இருந்தது. 1938இல் அந்நாட்டிற்கு நேரில் சென்று வந்தவர் கிரீன். நம்மவர் ஒருவர் இதை எழுதியிருந்தால் கதை எப்படி அமைந்திருக்கும் என்பதைச் சொல்லவா வேண்டும்? தூயவரான ஒரு குரு, கொடியவனான ஓர் அதிகாரி, சிலுவை அடையாளம், துப்பாக்கிக் குண்டு, முற்றும்.

கிரீன் படைத்த குருவுக்குப் பெயரில்லை. அவர் குடிகாரர். ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. அவரைத் துரத்தும் காவல்துறை அதிகாரியோ எளிய அறையில் துறவியைப்போல் வாழ்பவன். ஏழைகளிடமிருந்து காணிக்கை பிடுங்கிய திருச்சபையைச் சிறுவயதில் கண்டவன். தான் பட்ட துன்பத்தை இனியொரு குழந்தை படக்கூடாது என்று மெய்யாகவே விரும்புபவன். சாராயம் வைத்திருந்த குற்றத்திற்காகச் சிறைப்பட்ட குருவை அடையாளம் தெரியாமலே அவன் விடுதலை செய்கிறான்; போகும்போது கிழவனுக்கு உதவட்டுமென்று ஐந்து பெசோ நாணயம் ஒன்றையும் கையில் கொடுத்தனுப்புகிறான். அவன் நல்லவன் என்று குருவின் வாய் வியந்து கூறுகிறது. அதே நல்லவன்தான் ஊருக்கொருவரைப் பிணையாகப் பிடித்து, குருவைக் காட்டிக்கொடுக்காத ஊரின் பிணையாளைச் சுட்டுக் கொல்கிறான்.

இங்கேதான் நாவலின் முடிச்சு இறுகுகிறது. குரு ஓர் ஊரில் திருப்பலி நிறைவேற்றினால் அவ்வூர் மக்களுக்கு நற்கருணை கிடைக்கும். அவர்களுள் ஒருவருக்குச் சாவும் கிடைக்கும். அவர் நாட்டைவிட்டு ஓடிவிட்டால் உயிர்கள் பிழைக்கும். ஆனால் அம்மாநிலத்தில் பணியாற்றும் குருவென்று ஒருவரும் இருக்க மாட்டார். எது நன்மை? ஆசிரியர் நமக்கு விடை சொல்வதில்லை. எல்லையைக் கடந்து பாதுகாப்பான இடத்தை அடைந்தபின்பும், சாகக் கிடக்கும் ஒரு கொலைகாரனுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டுமென்ற அழைப்பு வருகிறது. அது கண்ணி என்று அறிந்தே குரு திரும்புகிறார். நானும் ஒரு குரு. அப்பக்கங்களை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

இதே நாவலுக்குள் இன்னொரு சிறு நூலும் உண்டு. ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு ஹூவான் என்ற இளம் வேதசாட்சியின் வரலாற்றை வாசித்துக் காட்டுகிறாள். ஹூவானிடம் பிழையே கிடையாது. அவளுடைய மகனுக்கு அது சலிப்பூட்டுகிறது. அவன் அந்தக் காவல்துறை அதிகாரியின் துப்பாக்கியைத்தான் வியந்து பார்க்கிறான். இறுதியில், தன் வீட்டில் முன்பு தங்கிச் சென்ற அந்தக் குடிகாரக் குரு சுடப்பட்ட செய்தி வந்த பிறகே, சிறுவன் அதே துப்பாக்கியின்மீது எச்சிலை உமிழ்கிறான். அன்றிரவு கதவைத் தட்டும் புதிய குருவுக்கு அவனே கதவைத் திறக்கிறான். நாம் ஆண்டுதோறும் எழுதிக் குவிப்பவை ஹூவான் கதைகள் என்பதை இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

உரோமையில் புனித அலுவலகம் 1953இல் இந்நாவலைக் கண்டித்துத் திருத்தங்களைக் கேட்டது உண்மையே. கிரீன் திருத்தவில்லை. பின்னர் 1965இல் அவரைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், சிலருக்கு அவர் எழுத்து இடறலாகத்தான் இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்னும் பொருள்படக் கூறியதாகக் கிரீனே பதிவு செய்திருக்கிறார்.

என் உடன்குரு ஒருவர் இதையெல்லாம் ஒப்புவதில்லை. “எங்கள் மக்கள் நாளெல்லாம் போராடிவிட்டு வருகிறார்கள். கடன்காரன், மருத்துவச் செலவு, வீட்டுச் சண்டை. அவர்கள் கையில் கிடைக்கும் நாலு பக்கத்திலாவது கொஞ்சம் ஆறுதல் இருக்கட்டுமே. இலக்கியம் படித்தவர்களுக்கு ஆயிரம் நாவல் இருக்கிறது; இவர்களுக்கு என்ன இருக்கிறது?” என்பார். ஞாயிறுதோறும் அம்முகங்களைப் பீடத்திலிருந்து பார்க்கும் நான் இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு நான் கிரீனை வாசிக்கக் கொடுக்கமாட்டேன். ஆயினும் ஒன்று கேட்கிறேன். குடிகாரனோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்த பெண்ணிடம், கடைசிப் பத்தியில் கணவன் திருந்திவிடும் கதையைக் கொடுத்தால் அவளுக்குக் கிடைப்பது ஆறுதலா? உன் செபம் போதவில்லை என்றல்லவா அக்கதை அவளிடம் சொல்கிறது?

நடுவராக இருந்தேன் என்றேனே, அதில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். அறுபதில் ஒரு கதை வேறுபட்டிருந்தது. எழுதியவர் ஓர் இளம் ஆசிரியை. கல்லறைத் தோட்டத்தைச் சாதியின் பெயரால் இரண்டாகப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றிய கதை அது. அத்தகைய சுவர்களை நம்முள் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். அச்சுவரை இடிக்கவிடாமல் தடுப்பவர் ஊர்ப் பெரியவர். ஆனால் கதையில் அவர் கொடியவரல்லர். காலனிப் பையன் ஒருவனின் கல்லூரிக் கட்டணத்தைத் தம் கைப்பணத்தில் கட்டுகிறார். அவன் தந்தைக்கு நோய் கண்டபோது இரவெல்லாம் மருத்துவமனையில் காத்திருக்கிறார். அத்தந்தை இறந்ததும், உடலைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும்படி அழுதுகொண்டே சொல்கிறார். கதை அங்கே நின்றுவிடுகிறது.

நான் அவரை அழைத்து இரண்டு திருத்தங்கள் கூறினேன். பெரியவரை இன்னும் சற்றுக் கெட்டவராகக் காட்டுங்கள், வாசகர்கள் குழம்புகிறார்கள். முடிவில் அவர் மனம் மாறிச் சுவரைத் தாமே இடிக்கட்டும். “அப்படி நடக்கல்லையே சாமி” என்றார் அந்தப் பெண். கதைதானே அம்மா என்றேன். அவர் திருத்தித் தந்தார். கதைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பெரியவர் கடப்பாரையோடு நிற்கும் படத்துடன் அச்சேறியது. தம்மை அந்தப் பெரியவரில் அடையாளம் கண்டிருக்கக்கூடிய நல்லவர்கள், என் பங்கில் மட்டுமே பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கெட்டவனுடைய முகத்தில் தன் முகத்தைத் தேடுகிறவர் யார்? அவர்கள் தப்பித்துக்கொள்ள வழி செய்து கொடுத்தவன் நான்.

அண்மையில் அந்த ஆசிரியைக்கு மடல் எழுதி, முதற்படி இருந்தால் திருத்தாமல் அனுப்பும்படியும், வெளியிட என்னாலான முயற்சியைச் செய்வதாகவும் தெரிவித்தேன். நோட்டில் எழுதியது எங்கோ இருப்பதாகவும், தேடிப் பார்ப்பதாகவும் பதில் வந்தது. மூன்று மாதங்களாகிவிட்டன. இன்னும் அது என் கைக்கு வரவில்லை.